பாம்பன் தூக்குப் பாலம்: ரிட்டயர் ஆன இரும்பை என்ன செய்யப்போகிறோம்?

ராமேஸ்வரம் ரயில் மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டியதும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு ஆரம்பிக்கும். மேல் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் குதித்து இறங்குவார். வயசானவர்கள் இடுப்பிலும் சுருக்குப் பையிலும் சில்லறை தேடுவார்கள், கடலில் போட. வாசலில் ஏற்கெனவே நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அடுத்த நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே தரையே இருக்காது. கைப்பிடிச் சுவர் இல்லை, நடைபாதை இல்லை. எட்டிப் பார்த்தால் நேராகக் கடல்தான்.

நான் அதை முதல்முறை பார்த்தது ஆறாம் வகுப்பு முழு ஆண்டு லீவில். வாசலுக்கு ஓடின என்னை அப்பத்தா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்துவிட்டார். அதனால் பாதிப் பாலத்தை ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கம்பிக்கு வெளியே இன்னும் பெரிய கம்பிகள் வந்தன. ரயிலுக்கு மேலே இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்கள். ரயில் நடந்து போகிற வேகத்துக்கு வந்துவிட்டது. "தூக்குப் பாலம்டா, சாமி கும்பிட்டுக்கோ" என்றார் அப்பத்தா.

இன்னைக்கு அந்த ரயில் அந்தப் பாலத்தில் போவதில்லை. 2025 ஏப்ரல் 6-ம் தேதி, ராம நவமி அன்று, பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். புதுப் பாலத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் பழசு கூடவே வருகிறது. தண்டவாளம் இருக்கிறது, தூண் இருக்கிறது, ரயில்தான் இல்லை. அதை அகற்றிவிடுவது என்பதுதான் ரயில்வேயின் முடிவு. சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் 'நம்ம பாரம்பரியம், தொடாதே' என்கிறார்கள். இன்னொரு பக்கம் 'துருப்பிடிச்ச இரும்புக்கு எதுக்கு இவ்ளோ சென்டிமென்ட்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் கதையை ஆரம்பத்தில் இருந்து பார்க்கலாம்.

ரயிலும் போகணும், கப்பலும் போகணும்

பாலம் வருவதற்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்குப் படகுதான். 1897 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் கொழும்பு வழியாகப் படகில்தான் பாம்பன் வந்து இறங்கினார். யாத்ரீகர்களை ஏற்றி இறக்குவதே பல குடும்பங்களுக்குத் தொழில். அப்துல் கலாமின் முன்னோர்களும் அந்தத் தொழிலில் இருந்தவர்கள். பாலம் வந்ததும் அந்தக் குடும்பத்தின் வியாபாரம் படுத்தது என்பது கலாமின் வாழ்க்கை வரலாறுகளில் வரும் செய்தி. 'எல்லோரையும் இணைத்த பாலம்' என்று எழுதும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும். ரயில் வந்த அன்று சில வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கிறது.

ஆனால், வெள்ளைக்காரர்கள் இந்தப் பாலத்தைக் கட்டியது ராமேஸ்வரம் கோயிலுக்காக இல்லை, இலங்கைக்காக. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போகணும், சரக்கு போகணும். அதுவரை தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடியது. இந்தியாவையும் இலங்கையையும் முழுக்க ரயில் பாதையால் இணைக்கலாம் என்ற யோசனைகூட இருந்தது. செலவைப் பார்த்ததும் அதைக் கைவிட்டு நடுவழிக்கு வந்தார்கள். பாம்பன் வரை பாலம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர், மறுபடி ரயில். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போகலாம். அதுதான் 'போட் மெயில்'.

இதில் ஒரு சிக்கல். பாம்பன் கால்வாய், வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே இருக்கிற வாசல். உள்ளூர்க்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். இந்த வாசலை அடைத்துவிட்டால் கப்பல்களுக்கு இலங்கையைச் சுற்றிப் போகிற பாடு. அதனால், ரயிலுக்குத் தரையாகவும் கப்பலுக்குக் கதவாகவும் இருக்கிற பாலம் தேவைப்பட்டது.

அதற்கான ஐடியா சிகாகோவில் இருந்து வந்தது. அங்கே ஆறு குறுகலானது, இரண்டு கரையிலும் கட்டடம். வில்லியம் ஷெர்சர் என்ற இன்ஜினீயர் ஒரு வழி யோசித்தார். பாலத்தைக் கீல் வைத்துத் தூக்குவதற்குப் பதிலாக, அதன் அடிப்பகுதியை வளைவாகச் செய்து பின்பக்கமாக உருட்டிவிடுவது. ஆடும் நாற்காலியில் சாய்ந்தால் கால் மேலே போகிறதே, அதே கணக்குதான். பின்பக்கம் பெரிய எடை வைத்துவிட்டால் தூக்குவதற்குப் பெரிய பலம் வேண்டாம். நம்ம ஊர்த் துலாவில் ஒற்றை ஆள் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது எப்படி? பின்னால் இருக்கிற பாரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. பாவம், ஷெர்சர் 1893-ல் 35 வயதிலேயே இறந்துவிட்டார். தன் பாலம் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. தம்பி ஆல்பர்ட்தான் கம்பெனியை நடத்தி உலகம் முழுக்க இந்த டிசைனைக் கொண்டுபோனார்.

பாம்பனில் 1911-ல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24-ல் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்குள் 143 தூண்கள், நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் இரண்டு சிறகாகத் திறக்கிற ஷெர்சர் பகுதி. மும்பையில் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் வரும்வரை இந்தியாவின் நீளமான கடற்பாலம் இதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. கடைசிவரை அந்தச் சிறகுகளை மனிதர்கள்தான் கையால் திறந்தார்கள். கப்பல் வரும் நாளில் ரயில்வே ஊழியர்கள் இரண்டு பக்கமும் நின்று நீளமான இரும்பு நெம்புகோல்களைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள், செக்கு சுற்றுவது மாதிரி. பல்சக்கரங்கள் நகர, சிறகுகள் மெல்ல வானத்தைப் பார்த்து எழும்பும். செல்போன் காலத்திலும் அப்படியேதான் நடந்தது. பக்கத்து ரோட்டுப் பாலத்தில் டிராபிக் நின்றுவிடும், எல்லோரும் வீடியோ எடுப்பார்கள்.

1964: ரீல்ஸில் வருவது தப்பு

'பாம்பன் பாலத்தில் இருந்து ரயில் கடலில் விழுந்தது' என்று ஒரு வீடியோ வருஷா வருஷம் டிசம்பரில் சுற்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். நடந்தது அது இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனில் இருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், பாலத்தின் மேல் இல்லை. அது தீவுக்குள், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் விசில் கொடுத்துவிட்டு ரயிலை நகர்த்தினார். எழுந்து வந்த கடல் ரயிலை மொத்தமாக மூடிவிட்டது. 110-க்கும் மேற்பட்ட பயணிகளும் ஊழியர்களும் போனார்கள். தனுஷ்கோடி என்கிற ஊரே போனது.

அதே புயல் பாலத்தையும் தனியாக அடித்தது. 126 கர்டர்கள், அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவே தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போய்விட்டன. ஷெர்சர் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. தீவுக்கு அப்போது ரோடும் கிடையாது. சரிசெய்ய ஆறு மாசம் என்று முதலில் கணக்குப் போட்டார்கள், பிறகு அதை மூன்று மாசமாகக் குறைத்தார்கள். வேலையை ஏற்றவர் 32 வயது இன்ஜினீயர், பெயர் ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் பேர் வாங்கிய அதே 'மெட்ரோ மேன்'. புது கர்டர் வரும்வரை காத்திருக்காமல், மீனவர்கள் சொன்ன துப்பை வைத்துக் கடலுக்கு அடியில் கிடந்த பழைய கர்டர்களையே தூக்கி எடுத்துத் திரும்ப மாட்டினார். 46 நாளில் ரயில் ஓடியது. ரயில்வே அமைச்சர் விருது கொடுத்தார், ரொக்கம் 1,000 ரூபாய்.

அதாவது இன்று 'துருப்பிடிச்சது' என்கிறோமே, அந்த இரும்பில் ஒரு பகுதி ஏற்கெனவே ஒருமுறை கடலுக்கு அடியில் கிடந்து திரும்பி வந்தது.

போட் மெயில் அதற்குப் பிறகு தனுஷ்கோடிக்குப் போகவில்லை. ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் 1980-களில் இலங்கைச் சண்டை முற்றும்வரை ஓடியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் அந்தக் கப்பலில் வந்து, மண்டபம் கேம்ப்பைத் தொட்டுத்தான் நீலகிரிக்கும் மற்ற ஊர்களுக்கும் போனார்கள். அவர்களுடைய தாத்தாக்களில் பலர் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதும் இதே மண்டபம் வழியாகத்தான், இதே பாலத்தின் மேல்தான். போன பாலத்திலேயே மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வந்தவர்கள். கோத்தகிரிப் பக்கம் போனால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிய அந்த நாளைச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரம்பரியம் பற்றிய சண்டையில் இவர்கள் குரல் எங்கேயும் வருவதில்லை.

ரோட்டுப் பாலம் 1988-ல்தான் வந்தது. கட்டுமானம் ஆரம்பித்தது 1974-ல். ரயில் பாலத்துக்கு மூணு வருஷம், ரோட்டுப் பாலத்துக்கு 14 வருஷம்! ஆக, 1914-ல் இருந்து 74 வருஷம் தீவுக்கும் கரைக்கும் இடையே தரைவழி என்றால் அந்த ஒற்றைத் தண்டவாளம்தான். பிரசவத்துக்குப் போனவர்கள், காலேஜுக்குப் போனவர்கள், கருவாட்டு மூட்டை என எல்லாம் அதன் மேல்தான்.

உப்பு விடுமா?

பாம்பன் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 'உலகத்திலேயே துருப்பிடிக்கும் இடங்களில் இரண்டாவது' என்று ஒரு வரி இருக்கும். ரேங்க் எதுவானாலும், அந்தக் கரையில் இரண்டு வருஷம் நிறுத்திய பைக்கைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். நூறு வருஷம் அந்த இரும்பு நின்றதற்கு டிசைன் மட்டும் காரணம் இல்லை. விடாமல் சுரண்டி, பெயின்ட் அடித்து, போல்ட்டும் ரிவிட்டும் மாற்றிய கேங் ஆட்கள்தான் காரணம். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது.

2007-ல் மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தபோது, பழைய பாலத்தையே பலப்படுத்தி ஓட்டினார்கள். அப்போதே அதற்கு 93 வயது. 2013 ஜனவரியில் கடற்படைக்குப் போகவேண்டிய ஒரு பார்ஜ், அலையில் அடித்துவரப்பட்டுப் பாலத்தில் மோதியது. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டுபிடித்து, கிட்டத்தட்ட மூணு மாசம் ரயிலை நிறுத்தினார்கள். கடைசியாக 2022 டிசம்பர் 23-ல் நிறுத்தியதுதான், பிறகு பயணிகள் ரயில் அதன் மேல் ஏறவே இல்லை.

அந்த இரண்டேகால் வருஷம் எப்படி இருந்தது என்று ராமேஸ்வரத்துக்காரர்களைக் கேட்கணும். ரயில் மண்டபத்தோடு சரி, சில ரயில்கள் ராமநாதபுரத்தோடு சரி. அதிகாலை இருட்டில் மூட்டையோடு இறங்கி பஸ் தேடணும். காசிக்குப் போய் வந்து ராமேஸ்வரத்தில் முடிக்கிற வடநாட்டுப் பெரியவர்கள், மொழி தெரியாமல் மண்டபத்தில் நின்றார்கள். லாட்ஜ், ஆட்டோ, சங்கு வளையல் கடை எல்லாவற்றுக்கும் அடி. பழைய பாலத்தைப் பற்றி நாஸ்டால்ஜியாவோடு பேசுகிற நம்மில் பலருக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. புதுப் பாலம் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதிய பாலம் சுமார் 2.08 கிலோமீட்டர், செலவு 550 கோடி ரூபாய்க்குப் பக்கம். இதில் சிறகு கிடையாது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகும், மோட்டாரில். பழசைவிட 3 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சின்னப் படகுகளுக்கும் வசதி. இரண்டாவது தண்டவாளத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால், 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வறிக்கை, டிசைன் முறையிலும் துருப்பிடிப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டிலும் குறைகளைச் சொன்னது. ரயில்வே அதற்கு விளக்கம் கொடுத்தது. திறப்பு விழா அன்றைக்கே தூக்குப் பகுதியில் கோளாறு வந்து பிறகு சரியானதும் செய்தி ஆனது. புதுசு என்பதாலேயே உப்பு விட்டுவிடாது. பழையதைக் காப்பாற்றிய அந்த கேங் வேலை இதற்கும் வேணும்.

வைத்திருந்தால் என்ன, எடுத்தால் என்ன?

இப்போ விஷயத்துக்கு வருவோம். 'அப்படியே நிற்கட்டுமே, யாரை என்ன செய்யுது?' என்பதுதான் பலரும் கேட்பது. செய்கிறது. இரண்டு பாலமும் ஒரே கால்வாயின் மேல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கப்பல் போக, புதியது மட்டும் எழும்பினால் போதாது. பழையதின் சிறகுகளும் வழிவிடணும். சரி, நிரந்தரமாகத் தூக்கியே வைத்துவிடலாம் என்றால், புயலில் அவை இரண்டு பெரிய பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும். ரயில் ஓடாத பாலத்துக்கு வருஷாவருஷம் பெயின்ட் காசு யார் கொடுப்பது? காசு கொடுக்காமல் விட்டால், ஒரு நாள் ஒரு கர்டர் கழன்று புதுப் பாலத்துத் தூணில் மோதும். 1964 பார்த்த ஊர் அது. 'தொடாதே' கட்சி இதற்குப் பதில் சொல்லணும்.

அதே நேரம், 'ஏலம் விட்டு எடைக்குப் போடு' என்பதும் சோம்பேறித்தனம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 'டே ஹெஃப்' என்று ஒரு ரயில் தூக்குப் பாலம். 1927-ல் கட்டியது. 1993-ல் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது. இடிக்கலாம் என்றபோது ஊர் மக்கள் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள், 2000-ல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். 2022-ல் அமேசான் ஜெஃப் பெசோஸின் சொகுசுக் கப்பல் போவதற்காக அதன் நடுப்பகுதியைத் தற்காலிகமாகக் கழற்றலாம் என்று பேச்சு வந்தபோது, கப்பல் மேல் அழுகின முட்டை வீசப்போவதாக ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். கடைசியில் கப்பல் கம்பெனியே பின்வாங்கியது. ஆனால் ஒன்று, அது ஆற்றின் மேல் இருக்கிற பாலம். அங்கே நடுக்கடலில் 143 தூண் இல்லை, வங்கக் கடல் புயலும் இல்லை. அப்படியே காப்பி அடிக்க முடியாது.

எனக்குச் சரியாகத் தோன்றுவது இது. இரண்டு கிலோமீட்டர் கர்டர்களையும் காப்பாற்றணும் என்று அடம்பிடிக்க வேண்டாம், அதைக் கழற்றட்டும். ஷெர்சர் பகுதியை மட்டும் வெட்டிக் கூறுபோடாமல், பல்சக்கரம், நெம்புகோல், எதிர் எடை எல்லாவற்றோடும் கரைக்குக் கொண்டுவரணும். மண்டபத்திலோ பாம்பனிலோ ஒரு இடத்தில் நிறுத்தணும். ஒரே நிபந்தனை, அது திறந்து மூடணும். சும்மா பெயின்ட் அடித்து வேலி போட்டு, முன்னால் செல்ஃபி பாயின்ட் என்று போர்டு வைத்தால் அது வெறும் இரும்புச் சிலை. ஒரு ஸ்கூல் பையன் அந்த நெம்புகோலைத் தள்ளி, தன் தம்மாத்தூண்டு பலத்தில் அவ்வளவு பெரிய இரும்பு அசைவதைப் பார்த்தால், ஷெர்சரின் ஐடியா அவனுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். முழு எடையையும் அசைக்க முடியாதென்றால் ஒரு சிறகாவது.

இதில் காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அந்த நெம்புகோலைச் சுற்றியவர்கள், சிறகு சேரும்போது தண்டவாளம் பொருந்துகிறதா என்று கண்ணாலேயே பார்த்துச் சொன்னவர்கள், ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தச் சிறகு முரண்டு பிடிக்கும் என்பது டிராயிங்கில் இருக்காது, அவர்களிடம்தான் இருக்கும். ஒரு கேமராவும் ஒரு வாரமும் போதும், இரும்பைக் கழற்றும் டெண்டர் காசில் ஒரு துளிதான் ஆகும். நம்மில் யாருக்காவது தாத்தாவோ சித்தப்பாவோ பாம்பன் பாலத்தில் வேலை பார்த்திருந்தால் ரயில்வே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கையில்தான் போன் இருக்கிறதே.

போன மாசம் அப்பத்தாவிடம் புதுப் பாலத்து வீடியோவைக் காட்டினேன். லிஃப்ட் மாதிரி நேராக மேலே போவதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கையால சுத்துறவங்க எங்கடா?" என்று கேட்டார்.